கறிவேப்பிலைப் புழு

அன்புள்ள அண்ணா,

பாலக்காட்டு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஐந்து சென்ட் இடத்தில் எங்கள் வீடு. வீடு போக, முன்னால் நாலு முழம் மண்ணும் பின்னால் கிணற்றடியில் கொஞ்சமும் மிச்சம். பையன் ஏழாம் வகுப்பு, தமிழ் மீடியம். இயற்கைக்கு வீட்டிலிருந்தே என்ன செய்யலாம் என்று பள்ளியில் கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். மரம் நடுவோம், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று ஒரு பக்கம் எழுதினான். எழுதி முடித்துவிட்டு, "நம்ம வீட்ல இதுல எதம்மா செய்யறோம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

மரம் வைக்க எங்களுக்கு இடம் கிடையாது. பட்டாம்பூச்சி வரும் என்று சொன்னார்களே என்று நர்சரியில் நாலு பூச்செடி வாங்கி வைத்தேன். அதில் மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூப்பது உண்ணிச்செடி என்று பக்கத்து வீட்டுச் சேச்சி சொன்னார். பட்டாம்பூச்சிகள் வருகின்றன. ஆனால் இப்போது கிணற்றடிக் கறிவேப்பிலையில் புழு. முதலில் காக்கை எச்சம் மாதிரி இருந்தது, பிறகு விரல் நீளத்துக்குப் பச்சையாகிவிட்டது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கொம்பு நீட்டுகிறது. ஒரு கிளை முழுக்க மொட்டை. அது அத்தை வைத்து வளர்த்த செடி. மருந்து வாங்கி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அடித்துவிடலாமா? அப்புறம், பையனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ர.,
கொழிஞ்சாம்பாறை

*

அன்புள்ள தங்கைக்கு,

மருந்து அடிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களுக்குக் கிடைக்கட்டும் என்றுதான் மற்ற கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் விவரித்த புழு, பூச்செடிக்கு வரும் அதே பட்டாம்பூச்சியின் பிள்ளை. எச்சம் போன்ற நிறம், பச்சை நிறம், சிவந்த கவட்டைக் கொம்பு, அதிலிருந்து வரும் காரமான வாடை எல்லாம் சேர்ந்தால் அது கறிவேப்பிலை அழகியாகவோ எலுமிச்சை அழகியாகவோதான் இருக்கும். இரண்டுமே கறிவேப்பிலையிலும் எலுமிச்சை, நார்த்தை இலைகளிலும் முட்டையிடுபவை. அந்தக் கொம்பு குத்தாது. எறும்பையும் குருவியையும் விரட்ட அதனிடம் இருப்பது அந்த வாடை ஒன்றுதான். பையன் தைரியமாகத் தொட்டுப் பார்க்கலாம்.

பெயரைக் கவனியுங்கள். நாம் கறிவேப்பிலை அழகி என்கிறோம். உங்கள் சேச்சியைக் கேட்டால் நாரகக்காளி என்பார். நாரகம் என்றால் நார்த்தை, எலுமிச்சை வகை. அது எந்தப் பூவில் தேன் குடிக்கும் என்று இரண்டு மொழியும் பார்க்கவில்லை. எந்த இலையில் பிறக்கும் என்று பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கின்றன. தேன் குடிக்க அது எந்த வீட்டுக்கும் போகும். பிள்ளை பெறுவதற்கு அதற்கென்று ஒரு தாய்வீடு உண்டு. உங்கள் கிணற்றடிதான் அது.

நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கும் என் பதில் இதுதான். நம் வீட்டுக்கு எது வந்து போகிறது என்பதோடு நிறுத்திவிடாமல், எது இங்கே பெற்று வளர்க்கிறது என்று பாருங்கள். ஒரு செடியில் முட்டையிலிருந்து சிறகு வரை ஓர் உயிர் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து பறக்கிறது என்றால், அந்த ஐந்து சென்ட் இயற்கைக்குச் செய்வது சின்ன காரியம் இல்லை. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை கொஞ்சம் இலை.

அந்த இலை அத்தையின் இலை என்பது எனக்குப் புரிகிறது. வைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவரிடம் ஒரே ஒரு கிளையைக் கேளுங்கள். மற்ற கிளைகளில் இருக்கும் புழுக்களை, உட்கார்ந்திருக்கும் இலையோடு கிள்ளி அந்தக் கிளைக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பசி கடைசிச் சில நாட்கள்தான். பிறகு அவை இறங்கிப் போய்விடும், மொட்டையான கிளை திரும்பவும் துளிர்க்கும். செடியின் அடியில் பார்த்தால், கொண்டைக்குருவியோ குயிலோ பழம் தின்று போட்ட விதையில் கன்றுகள் முளைத்திருக்கும். அதில் ஒன்றைப் பெயர்த்துப் பழைய வாளியில் வைத்து, இது புழுவுக்கு என்று பையன் பொறுப்பில் விட்டுவிடலாம். காசு செலவில்லை.

அத்தையிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. 2015-இல் தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறியிலும் கறிவேப்பிலையிலும் பூச்சிமருந்து எச்சம் இருக்கிறது என்று கேரளம் முழுக்கப் பெரிய பேச்சாக இருந்தது அவருக்கு நினைவிருக்கும். எல்லையில் இருக்கும் நாம் அதை இரண்டு பக்கமும் கேட்டோம். வீட்டுச் செடியின் அருமையே அதில் மருந்து இல்லை என்பதுதானே. புழு கடித்த இலையைத் தாளித்தால் ஒரு கெடுதலும் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் என் வீட்டு நார்த்தையில் இதே புழுவுக்கு நான் மருந்து அடித்தேன். பக்கத்தில் இருந்த அத்திச்செடியில் தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு வைத்திருந்தது. குஞ்சுகளின் சத்தம் அதற்கு முந்தின வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நாலாம் நாள் சத்தம் நின்றுவிட்டது. மருந்து பட்ட புழுவைத் தின்று செத்தனவா, புழுவே கிடைக்காமல் செத்தனவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாய்க்குருவி மூன்று நாட்கள் கூட்டைச் சுற்றி வந்து கத்தியது. அதற்குப் பிறகு அந்த மருந்துப் புட்டியை நான் தொடவில்லை.

தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். அமெரிக்காவில் டக் டாலமி என்ற பூச்சியியல் பேராசிரியர், அங்கே சிக்கடீ என்கிற சின்னஞ்சிறு குருவியை வைத்து ஒரு கணக்குச் சொல்கிறார். ஒரு கூட்டுக் குஞ்சுகள் பறக்கும்வரை பெற்றோர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது 6000 முதல் 9000 புழுக்கள். அது கைப்பிடிக்குள் அடங்கிவிடும் குருவி. நாம் வாசலில் தானியமும் தண்ணீரும் வைக்கிறோம், நல்லதுதான். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஆனால் குஞ்சுக்கு வேண்டிய சாப்பாடு உங்கள் கறிவேப்பிலையில்தான் இருக்கிறது. எல்லாப் புழுவும் பட்டாம்பூச்சி ஆகாது. பாதிக்கு மேல் குருவிக்கும் குளவிக்கும் போகும். பையன் அழுதால் தையல்சிட்டின் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது உண்ணிச்செடி. அதைப் பிடுங்கிவிடுங்கள். அதில் பட்டாம்பூச்சி மொய்க்கும் என்பது உண்மை. ஆனால் அது தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. அதன் பழத்தைப் பறவைகள் தின்று கொண்டுபோய்ப் போட, நம் மலைக்காடுகளில் புல்லுக்கும் இடம் விடாமல் பரவிவிட்டது. ஆனைமலைப் பக்கம் போகும்போது சாலையோரம் பாருங்கள், புதர் புதராக நிற்கும். உங்கள் வாசலுக்கும் அந்தக் காட்டுக்கும் ஒரு குருவி பறக்கும் தூரம்தான்.

அதற்குப் பதில் என்ன வைக்கலாம்? நர்சரிக்குப் போக வேண்டாம், வேலியோரம் போதும். தை பிறப்பதற்கு முன் நாம் காப்புக் கட்டும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் இருக்கின்றனவே, அவையே முதலில். ஆவாரையில் வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சி முட்டையிடும். பூளையை மலையாளத்தில் செறூள என்பார்கள். அவர்கள் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், சூடும் தசபுஷ்பம் என்ற பத்துச் செடிகளில் அதுவும் ஒன்று. உங்கள் வீட்டுக்கும் சேச்சி வீட்டுக்கும் பொதுவான செடி. தும்பை தானாகவே வரும், களை என்று பிடுங்காமல் விட்டால் போதும். ஓணத்துக்குப் பிள்ளைகள் அதைத்தான் தேடி அலைகிறார்கள். கொஞ்சம் இடமிருந்தால் ஒரு கிலுகிலுப்பை. பருவமழைகளை ஒட்டி மலைக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டமாகப் பறந்து போகும் நீலக்கோட்டுப் பட்டாம்பூச்சிகளின் ஆண்கள், இணை சேர்வதற்கான வாசனையை உண்டாக்க அந்தச் செடியின் சாற்றைத் தேடி வரும். காய்ந்த தண்டில்கூட வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு செடியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் வயல் வரப்புகளில் ஆடுதீண்டாப்பாளை கிடக்கும். ஆடுகூடத் தீண்டாது, அதுதான் பெயர். அவ்வளவு நஞ்சு. அதன் உறவான கருடக்கொடியைக் கேரளப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டின் இலையையும் தின்று வளரும் ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சிகளுக்கு அந்த நஞ்சு உடம்பில் ஏறிவிடுகிறது. ஒரு முறை வாயில் போட்ட குருவி மறுபடி தொடாது. உங்கள் கறிவேப்பிலை அழகிக்கு அப்படி எந்த நஞ்சும் கிடையாது. ஆனால் அதன் பெண்களில் சில, அந்த நஞ்சுப் பட்டாம்பூச்சிகளைப் போலவே கறுப்புச் சிறகும் சிவப்புப் பொட்டுமாகப் பிறக்கின்றன. குருவி ஏமாந்து விட்டுவிடும். வித்தியாசம் உடலில் மட்டும்தான். உடல் சிவப்பாக இருந்தால் அது நஞ்சுள்ளது, கறுப்பாக இருந்தால் உங்கள் கிணற்றடியில் பிறந்தது. குருவி அந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள அசல் நஞ்சுப் பட்டாம்பூச்சியும் ஊரில் இருக்க வேண்டும், அதற்கு வரப்பில் ஆடுதீண்டாப்பாளை இருக்க வேண்டும். களைக்கொல்லி அடித்து வரப்பைச் சுத்தமாக்கும் ஒருவர், தன் கண்ணில் படாத ஒரு பட்டாம்பூச்சியின் காவலை எடுத்துவிடுகிறார். இது தெரிந்த நாளிலிருந்து எந்தச் செடியையும் வெறும் களை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செடி வைக்க இடமில்லாவிட்டாலும் சருகை எரிக்காமல் இருக்கலாம். காலையில் பெருக்கி ஒரு மூலையில் குவித்துத் தீ வைப்பது நம் இரண்டு பக்கத்திலும் பழக்கம். கும்பலாகத் தத்தித் தத்தி வந்து இலையைப் புரட்டிப் பூச்சி தேடும் பறவையை நாம் நிறத்தைப் பார்த்துத் தவிட்டுக்குருவி என்கிறோம். மலையாளத்தில் கரியிலக்கிளி. கரியில என்றால் சருகு. சருகு இல்லாத வாசலில் சருகுக்கிளிக்கு என்ன வேலை? கிணற்றடி மூலையில், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, முழங்கால் உயரத்துக்குக் குவித்து வையுங்கள். பாம்பு வரும் என்று அத்தை சொல்வார். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் வாசற்படியிலிருந்து தள்ளி என்றேன். கையால் கிளற வேண்டாம், இரவில் அந்தப் பக்கம் டார்ச் இல்லாமல் போக வேண்டாம். ஒரு மழை போனதும் அடியில் கறுப்பு மண் கிடைக்கும். அதைக் கறிவேப்பிலைக்கே போடலாம்.

வாசல் விளக்கை இரவு பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் வெள்ளை பல்பை மாற்றி மங்கலான மஞ்சள் பல்ப் போடுங்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் 2022 ஏப்ரலில் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னியதைப் பதிவு செய்தார்கள். அது பொள்ளாச்சிக்கு மேலே உள்ள மலை, நமக்குத் தூரமில்லை. ஆண் மின்மினி தன் வெளிச்சத்தால்தான் பெண்ணிடம் பேசுகிறது. நம் விளக்கு எரிந்தால் அந்தப் பேச்சு கேட்காது.

பையனிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். தேதி, செடி, என்ன பார்த்தான் என்பது மட்டும் போதும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டிலும், ஓணத்தின்போது கேரளத்திலும் வீட்டு வாசலில் பதினைந்து நிமிடம் நின்று பறவைகளை எண்ணி அனுப்பும் கணக்கெடுப்புகள் நடக்கின்றன. எல்லையில் இருக்கும் அவன் இரண்டிலும் சேரலாம். 2015 முதல் 2020 வரை கேரளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் நடந்து எண்ணித்தான் மாநிலம் முழுமைக்குமான பறவை வரைபடம் உருவானது. அதில் பலர் பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள், கடை வைத்திருப்பவர்கள்.

புழு இன்னும் சில நாட்களில் தின்பதை நிறுத்திவிட்டு இடம் தேடும். அதே செடியின் தண்டிலோ, பக்கத்துச் சுவரிலோ, துணி காயப்போடும் கொடியிலோ இடுப்பில் ஒரு நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். உலர்ந்த இலைத்துண்டு என்று தட்டிவிடாதீர்கள். கூடு கறுத்துச் சிறகின் நிறம் உள்ளே தெரிந்தால் மறுநாள் காலை வெளிவரும் என்று அர்த்தம். அன்று பையனைக் கொஞ்சம் சீக்கிரமே எழுப்பி, அத்தையையும் கிணற்றடிக்கு அழைத்துப் போங்கள். சிறகு விரிந்து காயும்வரை அது பறக்காது, நிதானமாகப் பார்க்கலாம். பின்சிறகில் சிவப்புப் பொட்டு இருந்ததா, உடல் என்ன நிறம் என்று அவனையே எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.