உதடா ஹிகாரு மூன்று பெயரில் பிரிந்து நிற்பது ஏன்?

சிடிக்களைக் கணினியில் ஏற்றியதும் ஜப்பானியப் பாடகர் உதடா ஹிகாரு ஒருவரே மூவராகிவிட்டார், 2010க்குப் பின் ஆறு வருடம் காலி என்கிறீர்கள். மென்பொருள்மேல் தப்பில்லைங்க. 1998இன் ‘பிரெஷியஸ்’ ஆல்பம் வந்தது ‘க்யூபிக் யூ’ என்ற பெயரில். ‘எக்ஸோடஸ்’ (2004), ‘திஸ் இஸ் தி ஒன்’ (2009) என்ற ஆங்கில ஆல்பங்களில் வெறும் ‘உதடா’. மென்பொருளில் பாட்டு விவரங்களைத் திருத்தும் இடத்தில், ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் ‘உதடா ஹிகாரு’ என ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தைத் தொடாதீர்கள், அட்டையில் இருந்த பெயர் அழிந்துவிடும்.

அந்த இடைவெளி நிஜம். 2010 கடைசியில் ஓய்வுக்குப் போனவர் 2016இல்தான் திரும்பினார்; ‘ஃபாண்டோம்’ ஆல்பம் அந்த செப்டம்பரில் வந்தது. நடுவில் 2012இல் வந்த ‘சகுரா நகாஷி’யைத் தனியாகத் தேட வேண்டாம், ‘ஃபாண்டோம்’ ஆல்பத்திலேயே அதுதான் கடைசிப் பாட்டு.

‘ஆட்டோமேட்டிக்’ சிங்கிள் 8 செ.மீ. வட்டா? உறிஞ்சி இழுக்கும் டிரைவில் போடாதீர்கள், சிக்கிக்கொள்ளும். தட்டு வெளியே வரும் டிரைவில், உள்பள்ளத்தில் வையுங்கள்.