செல்போன் வந்தால் நாடகம் முதல் காட்சியிலேயே முடிந்துவிடும்

கேள்வி: ஏரியல் டோர்ஃப்மனின் ‘டெத் அண்ட் த மெய்டன்’ நாடகத்தைத் தமிழாக்கி மேடையேற்றப் போகிறோம். கதையை இன்றைய காலத்துக்கு நகர்த்தி, கேசட்டுக்குப் பதில் செல்போன் வைக்கலாமா? டாக்டர் ராபர்ட்டோவை நாற்காலியில் கட்டுவது, கடைசியில் இறங்கும் பெரிய கண்ணாடி, இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: காலத்தை மாற்றாதீர்கள். டயர் பஞ்சராகி நிற்கும் கெரார்டோவிடம் செல்போன் இருந்தால், முன்பின் தெரியாத டாக்டரின் காரில் ஏன் வீட்டுக்கு வருகிறார்? டாக்டர் வராவிட்டால், கெரார்டோவின் மனைவி பவுலினா, தன்னைச் சித்திரவதை செய்தவனுடையது என்று நம்பும் அந்தக் குரலைக் கேட்பதே இல்லை. டாக்டரிடம் பவுலினா வாங்கும் வாக்குமூலமும் அப்படித்தான்: ஒரே ஒரு கேசட், அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் பதற்றம். செல்போன் பதிவு நொடியில் ஊருக்கே போய்விடும்.

கதைக்குப் பின்னால் இருக்கும் சிலி நாட்டின் கணக்கும் அந்த ஆண்டுகளுக்கே பொருந்தும். சர்வாதிகாரி பினோசெட் 1990 மார்ச்சில் ஆட்சியை விட்டார். ராணுவத் தளபதி பதவியை 1998 வரை விடவில்லை. 1990-இல் அமைந்த ரெட்டிக் ஆணையம் கொல்லப்பட்டோர், காணாமல் போனோர் வழக்குகளையே விசாரித்தது. சித்திரவதைக்குப் பின் உயிர் பிழைத்தவர்கள் 2003-இல் வந்த வலேச் ஆணையம் வரை காத்திருந்தார்கள். நாடகத்திலும் கெரார்டோ உட்காரப்போகும் ஆணையத்தில் அவர் மனைவியின் வழக்குக்கே இடமில்லை. இது புரியாத நடிகர் கையில் கெரார்டோ பாத்திரம் வெறும் சமாதானப் புறாவாகிவிடும்.

கட்டு: கயிறு வேண்டாம். நான்கு விரல் அகலப் பருத்தித் துணி, பின்பக்கம் வெல்க்ரோ. நடிகர் தானே இழுத்தால் கழன்றுவர வேண்டும். கால் அகன்ற, கனமான கைப்பிடி நாற்காலியாகப் பாருங்கள். இலேசான நாற்காலி திமிறும்போது பின்னால் சாயும். வாய்க்கட்டுத் துணியை உள்ளே திணிக்காமல் பற்களுக்கு நடுவே மட்டும் பிடிக்கவையுங்கள், மூக்கு திறந்தே இருக்கட்டும். பேச முடியாதவருக்கு ஒரு சைகை வேண்டும்: இடது காலை இரண்டு முறை தட்டினால் உடனே அவிழ்ப்பது என்று ஒத்திகையிலேயே பழக்குங்கள். துப்பாக்கி சுடாத டம்மி, சத்தம் ஸ்பீக்கரிலிருந்து.

இசை, ஷூபர்ட்டின் டி மைனர் நால்வர் இசை (நான்கு தந்திக் கருவிகளுக்கானது); நாடகத்தின் அதே பெயருள்ள அவருடைய பாடலைப் போட்டுவிடாதீர்கள். கேசட் ரெக்கார்டரை ஓடவிடாமல், மேசைக்கடியில் சின்ன ஸ்பீக்கர் ஒளித்து அதிலிருந்து கொடுங்கள். அரங்க ஸ்பீக்கரில் வந்தால் அது பின்னணி இசையாகத்தான் கேட்கும். முதல் பகுதி ஓங்கி ஆரம்பிக்கும், வசனத்தை விழுங்கிவிடும். ஒலியைத் தாழ்த்தியே தொடங்குங்கள். பட்டனை அழுத்தும் கை ஒலி இயக்குபவர் கண்ணில் பட வேண்டும்.

கண்ணாடி: 5 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 3-க்கு 2 மீட்டர் என்றால் 75 கிலோ, அதுவும் நடிகர்கள் தலைக்கு மேல்! மரச்சட்டத்தில் மைலார் (கண்ணாடிபோல் மின்னும் மெல்லிய பிளாஸ்டிக்) படலத்தை இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்தால் முகங்கள் கோணும். கொஞ்சம் முன்னால் சாய்த்தால்தான் விளக்குக் கம்பிக்குப் பதில் பார்வையாளர் தெரிவார்கள். அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் அரங்க விளக்கைக் கால்பங்காவது ஏற்றுவது. இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களைக் கண்ணாடி காட்டாது.

டாக்டர் குற்றவாளியா என்பதை விளக்காலோ ஒப்பனையாலோ சொல்லிவிடாதீர்கள். அந்த நடிகர் மனதுக்குள் முடிவுசெய்துகொள்ளட்டும், மற்ற இருவருக்கும் தெரிய வேண்டாம்.

போஸ்டர் அடிக்கும் முன் மொழிபெயர்ப்புக்கும் மேடையேற்றத்துக்கும் உரிமை வாங்குங்கள். ஷூபர்ட்டின் இசைக்கு உரிமைத்தொகை கிடையாது. நீங்கள் போடும் ஒலிப்பதிவுக்கு உண்டு, இந்தியச் சட்டப்படி வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.