சின்னமணியை யாரிடம் விட்டுப் போவது?

கேள்வி: எனக்கு 59 வயது. வெள்ளகோவில் பக்கம் தோட்டத்துச் சாளையில் நானும் வீட்டுக்காரரும் இருக்கிறோம். பிறந்த வீட்டில் மணி. கல்யாணமாகி வந்த இடத்தில் ராஜா. அதற்கடுத்து வந்தது லாரியில் அடிபட்டுப் போய்விட்டது. அப்புறம் டைகர். இப்போது சின்னமணி. நாய் இல்லாத வாசலை நான் பார்த்ததே இல்லை. சின்னமணிக்கு 13 வயது ஆகிறது. கண்ணில் நீலம் பூத்துவிட்டது, பின்னங்கால் இழுக்கிறது. கோவையில் அப்பார்ட்மென்ட் வாங்கியிருக்கும் மகன், தை பிறந்ததும் அங்கே வந்துவிடச் சொல்கிறான். அங்கே அசோசியேஷனில் நாய் கூடாதாம். காட்டைக் குத்தகைக்கு எடுப்பவரிடம் விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். ராத்திரி ரெண்டு தடவை டார்ச் அடித்து அதை வெளியே கூட்டிப் போகிறவரும் அவர்தான். ‘ஒரு நாய்க்காகவா இவ்வளவு யோசனை?’ என்று ஒறம்பரை எல்லாம் கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? இனி இன்னொரு நாய் வளர்க்கிற வயதா எனக்கு?

பதில்: உங்களைவிட நான் நாலு வயது இளையவள், அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தைக்குப் போகாதீர்கள். சின்னமணி இருக்கிற வரைக்கும் சாளையிலேயே இருங்கள். மகன் வீடு எங்கேயும் ஓடிப்போகாது.

இதை எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரு தப்பு நடந்திருக்கிறது. எனக்குப் பத்து வயதாகும்போது கோபியிலிருந்து ஈரோட்டுக்குக் குடிவந்தோம். வாடகை வீடு, நாய் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ராமுவைப் பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார் அப்பா. ரொம்ப நல்ல ஆத்தா, ஒரு வேளைகூடச் சோறு தவறவிடவில்லை. ரெண்டு மாதம் கழித்து ஏதோ விசேஷத்துக்குப் போனபோது அந்த ஆத்தா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “களி உருண்டையைப் போட்டா வாங்கிக்குதுங்க. ஆனா இங்க திங்கறதில்ல. கவ்விட்டுப் போயி உங்க பூட்டுன வாசல்ல வெச்சுத்தான் திங்குது.” போய்ப் பார்த்தேன். எங்கள் பழைய வாசற்படியில் களி காய்ந்து கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாயும் வளர்க்கவில்லை.

குத்தகைக்காரர் கெட்டவராக இருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பக்கத்து நிலைமை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கமெல்லாம் நாய்க்கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுகிறது. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு, இழப்பீடு கேட்டு விவசாயிகள் உட்கார்ந்ததெல்லாம் சமீபத்தில் நடந்ததுதான். கிளுவை வேலிக்குள் இருபது ஆட்டை நம்பிப் பிழைக்கிறவருக்கு ஒரே ராத்திரியில் பாதி போனால் அவர் எந்த நாயைப் பார்த்தாலும் தடியைத்தான் எடுப்பார். அதைக் குறை சொல்ல முடியாது. எசமான் இல்லாத நாயென்று ஒரு தடவை பெயர் வந்துவிட்டால் போதும், அரைக்குருடான சின்னமணி ஆட்டைக் கடித்ததா இல்லையா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, அந்தக் கூட்டம் உங்கள் வாசலுக்கே வந்தால் இந்தக் கிழவன் சும்மா படுத்திருப்பானா? பல்லில்லாமலேயே எதிர்த்துக்கொண்டு போவான். இந்த வருஷத்து வெறிநாய்த் தடுப்பூசியைப் போட்டுவிட்டீர்களா? வயதாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், அது வருஷா வருஷம் போட வேண்டியது.

சரி, கோவைக்கே கூட்டிப் போய்விட்டால் என்ன? அசோசியேஷன் சொல்கிறது என்பதற்காகப் பயப்படத் தேவையில்லை. வீட்டில் பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. மகனிடம் சொல்லி வையுங்கள், பின்னால் பயன்படும். ஆனால் சின்னமணிக்கு அது ஒத்துவராது என்பது என் எண்ணம். பதிமூன்று வருஷமாக மண்ணில் கால் வைத்தே வெளியே போன ஜீவன். கண் மங்கினாலும் சாளையில் மூக்கை வைத்தே கட்டுத்தரை எது, தண்ணித்தொட்டி எது என்று கண்டுபிடித்துவிடும். லிப்ட்டிலும் வழுக்குகிற டைல்ஸிலும் அதற்கு ஒரு வழியும் புரியாது.

கண்ணில் நீலம் பூத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வயதான நாய்களுக்கு விழிவில்லை இறுகி லேசான நீலப் புகை மாதிரி தெரிவது சகஜம், அதனால் மட்டும் பார்வை போய்விடாது. பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் அது புரை. எதுவென்று கால்நடை மருத்துவர் ஒரு டார்ச்சிலேயே சொல்லிவிடுவார். போகும்போது ரத்தப் பரிசோதனையும் செய்து சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி ரெண்டு தடவை வெளியே போகிறது என்றீர்களே, அது வெறும் வயது மட்டுமாக இல்லாமலும் இருக்கலாம். காலுக்கு வலி மாத்திரையும் அவரே எழுதித் தரட்டும். வீட்டில் இருக்கிற நம் மாத்திரை எதையும் பாதி உடைத்துக்கூடப் போடாதீர்கள். நமக்குக் கைகண்ட வலி மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். படுக்கிற இடத்தில் சிமெண்ட் தரைமேல் ரெண்டு சாக்கை விரித்து ஓரத்தைத் தைத்துவிடுங்கள், எழுந்திருக்கும்போது பின்னங்கால் வழுக்காது. சோற்றைக் குழைய வடித்து அவித்த முட்டை ஒன்றைப் பிசைந்து அதன் போசியில் போடுங்கள். வெந்த கோழி எலும்பு வேண்டாம், அது சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கட்டிலையும் தண்ணிப் போசியையும் இடம் மாற்றாதீர்கள்.

ஒறம்பரை கேட்ட கேள்விக்கு வருகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஒரு ஊர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே இருக்கிறது. சண்டையில் செத்த வீரனுக்கு எடுத்த கல், ஆனால் அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், கள்ளர் ரெண்டு பேரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். சுமார் 1,400 வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு நாய்க்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்கள், உங்களுக்கென்ன!

வீட்டுக்காரரை நேராக மடக்காதீர்கள். ராத்திரி ரெண்டு தடவை டார்ச் அடித்துக்கொண்டு போகிற மனுஷர் விட்டுப்போக ஆசைப்படுகிறார் என்று நான் நம்பவில்லை. மகனிடம் வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிறார், அவ்வளவுதான். அதனால் மகனிடம் நீங்களே பேசுங்கள். “ஒரு வருஷம் பொறு கண்ணு” என்று ஆரம்பித்தால் போதும். மாதத்துக்கு ஒரு தடவை ஆளுக்கொருவராகக் கோவைக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். ரெண்டு பேரும் சேர்ந்து வெளியூர் போக வேண்டாம்.

சாப்பிடாமல், எழ முடியாமல், வலியில் முனகுகிற நாள் வந்தால் மருத்துவரை வீட்டுக்கே கூப்பிட்டுத் தூங்க வைத்துவிடலாம். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். குழி மூன்றடிக்குக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் மற்ற நாய்கள் தோண்டிவிடும்.

இன்னொரு நாயா? 59 வயதில் குட்டி எடுத்தால் அது கிழடாகும்போது உங்களுக்கு 72. கணக்கு பயப்படுகிற மாதிரி இல்லை, ஆனால் குட்டியின் ஓட்டத்துக்கு உங்கள் முட்டி தாங்குமா என்று யோசிக்க வேண்டும். நானாக இருந்தால், யாரோ கைவிட்ட நாலைந்து வயது நாட்டு நாய் ஒன்றைக் கருத்தடை செய்து வைத்துக்கொள்வேன். கோவைக்குப் போன பிறகும் அதை வளர்க்கலாம், அப்பார்ட்மென்ட்டுக்கு அந்த வயது நாய் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் இப்போதே வேண்டாம். சின்னமணி தன் வாசலில் இன்னொன்றைச் சகிக்காது.

அப்புறம் ஒன்று. அஞ்சு நாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், லாரியில் அடிபட்டதன் பெயரை மட்டும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள் அக்கா.