கருவுறையில் ஒளிர்வு மீளவில்லையென்றால் பரிசோதனை பிழையா?

கேள்வி: வந்தாறுமூலையில் உயிரியல் இறுதியாண்டு படிக்கிறேன். பச்சையாக ஒளிரும் புரதமான ஜீ.எஃப்.பி. இணைத்த, லமின் பி வாங்கி என்னும் உள்கருமென்சவ்வுப் புரதத்தின் படத்தொகுதி ஒன்றை ஆய்வுக்குத் தந்திருக்கிறார்கள். லேசரால் வெளிறச் செய்த பின், கலத்தினுள் உள்ள மென்சவ்வு வலையமைப்பான அகமுதலுருச் சிறுவலையில் ஒளிர்வு மீள்கிறது, கலக்கருவைச் சூழும் இரட்டை மென்சவ்வான கருவுறையில் மீளவேயில்லை. தரவு பயன்படாதா?

பதில்: தாராளமாகப் பயன்படும். இந்தப் புரதத்தின் இயல்பே அதுதான். 1997 இல் வெளியான அளவீட்டிலும் சிறுவலையில் அதன் பரவல் குணகம் செக்கனுக்குச் சுமார் 0.4 சதுர மைக்கிரோமீற்றர். கருவுறையிலோ பெரும்பகுதி அசையவில்லை.

புரதம் சிறுவலையில் உருவாகிறது. சிறுவலையும் வெளிக்கருமென்சவ்வும் ஒரே தொடர்ச்சி. கருவுறையில் உள்ள கருத்துளையின் விளிம்பில் வெளிமென்சவ்வு வளைந்து உள்மென்சவ்வாகிறது. புரதம் மென்சவ்வை விட்டு விலகாமலே அந்த வளைவைக் கடக்கிறது. உள்ளே கருவுறையை ஒட்டிய லமின் என்னும் இழைப்புரதமும், டி.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த குரோமற்றினும் பிடித்துக்கொள்வதால் அங்கேயே தங்கிவிடுகிறது.

துளையோர இடைவெளி குறுகியது. மென்சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஏறத்தாழ 60 கிலோடால்டனைத் தாண்டினால் புரதம் சிறுவலையிலேயே தேங்கும். இந்தப் புரதத்தின் முனைப்பகுதி சுமார் 23, ஜீ.எஃப்.பி. 27, கூட்டினால் 50, ஆகவே கடக்கும். இரண்டு ஜீ.எஃப்.பி. இணைத்தால் 77; சிக்கிக்கொள்ளும். எத்தனை இணைத்தார்கள் என்று தரவு தந்தவரிடம் முதலில் கேளுங்கள்.

படங்களை அளக்கும் மென்பொருளான இமேஜ் ஜேயில் கணிக்கும்போது, ஒவ்வொரு படத்திலும் பின்னணி ஒளியைக் கழித்து, வெளிறாத அயல் கலத்தின் பெறுமானத்தால் வகுக்கவும். அசையும் பங்கு என்பது, இறுதி ஒளிர்விலிருந்து வெளிறிய உடனான ஒளிர்வைக் கழித்து, அதைத் தொடக்க ஒளிர்வுக்கும் வெளிறிய ஒளிர்வுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுப்பது.

எவ்வளவு பரப்பை வெளிறச் செய்தார்கள் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கருவுறையில் சிறு கீற்றை மட்டும் வெளிறச் செய்தால், மென்சவ்வின் தளத்திலேயே நடக்கும் அசைவை அளக்கிறீர்கள். முழு உறையையும் வெளிறச் செய்தால், சிறுவலையிலிருந்து புதிதாக வருவதை அளக்கிறீர்கள். இரண்டின் வளையிகளையும் ஒப்பிடக் கூடாது. புரதம் மிகையாக வெளிப்பட்ட கலங்களையும் ஒதுக்கிவிடுங்கள். பிணையும் இடங்கள் நிரம்பி, மிஞ்சியது சிறுவலையில் நின்று அசையும் பங்கைக் கூட்டிக்காட்டும்.

இரு கருமென்சவ்வுகளுக்கும் இடையே சுமார் 30 முதல் 50 நனோமீற்றர்தான். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டிக்கு அது ஒரே கோடு. உள்மென்சவ்வில்தான் இருக்கிறதென்று எழுத வேண்டுமானால், டிஜிற்றோனின் என்னும் மென்மையான சவர்க்காரப் பொருளால் கலமென்சவ்வை மட்டும் துளைத்து ஜீ.எஃப்.பி. எதிர்ப்பொருளை இட்டுப் பார்த்திருக்க வேண்டும்: அப்போது கருவுறையில் நிறம் பிடிக்காமல், எல்லா மென்சவ்வுகளையும் துளைக்கும் ட்ரைற்றன் சேர்த்த பிறகே பிடித்தால் புரதம் உள்ளேதான் இருக்கிறது. அதே தட்டில் லமின் எதிர்ப்பொருளும் டிஜிற்றோனின் கட்டத்தில் நிறம் பிடித்திருக்கக் கூடாது. பிடித்திருந்தால் கருவுறையும் கிழிந்துவிட்டது, அந்தத் தட்டை விட்டுவிடுங்கள்.