குட்டியை நீங்களே பழக்குங்கள், வெடிச் சத்தத்துக்குப் பழக்குவதை மட்டும் தனி ஆளாகச் செய்யாதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வி வந்தபோது நான் காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் இருந்தேன். நீங்கள் அமெரிக்காவில் மினசோட்டாவுக்கு வந்து பதினெட்டு மாதம் ஆகிறது, கூட வேலை செய்பவர் வீட்டில் ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயின்டர் என்கிற பறவை வேட்டை நாய் பிப்ரவரியில் குட்டி போட்டிருக்கிறது, சித்திரை பிறந்ததும் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், அக்டோபரில் அவரோடு ஃபெசன்ட் என்கிற பறவை வேட்டைக்குப் போக ஆசை, "குட்டியை நானே பழக்கலாமா, காசு கொடுத்துப் பயிற்சியாளரிடம் விடட்டுமாங்ணா" என்று கேட்டிருந்தீர்கள். தாராபுரத்துக்காரர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்களே பழக்குங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டைப் பாருங்கள். இந்த ஜாதி நாய்க்குத் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும், மைனஸ் இருபதிலும் வெளியே போக வேண்டும். பன்னிரண்டு, பதினான்கு வருஷம் உயிரோடு இருக்கும். நீங்கள் இன்னும் வேலை விசாவில் இருக்கிறீர்கள், வேலை போனால் அங்கே தங்க அதிகபட்சம் 60 நாள்தான் கையில். ஊருக்கு நோம்பிக்கு நாலு வாரம் வந்தால் நாயை யார் பார்ப்பார்கள்? என் நாய் செவலை இப்போது அங்கே பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இருக்கிறாள். பத்து வருஷமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அப்படி ஒரு வீட்டைப் பிடித்து வைத்துவிட்டுக் குட்டிக்குச் சரி சொல்லுங்கள்.

அப்புறம் பழக்குவது. எங்கள் அப்பாரு காளைக்கன்று வசக்குவதை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். பழகின கிழட்டுக் காளையோடு சேர்த்துப் பூட்டுவார். காலையில் வெயில் ஏறுவதற்குள் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டைச் சுற்றி இரண்டு சுற்று, அவ்வளவுதான். கன்று இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும்போதே நுகத்தைக் கழற்றிவிடுவார். "அது சலிக்கறதுக்கு முன்னாடி நாம நிறுத்தோணும்" என்பார். பறவை நாய்க்கும் அதே கணக்குதான். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இரண்டு தடவை. வேலைக்குப் போகிறவரால் முடியாத காரியம் இல்லை.

பறவை வாடை மூக்கில் ஏறியதும் ஒரு முன்னங்காலைத் தூக்கி, வால் விறைத்து, அடித்து வைத்த முளை மாதிரி நிற்பது இந்த நாய்க்கு ரத்தத்தில் இருக்கிறது. அதை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியது மூன்றுதான்: கூப்பிட்டால் வருவது, சொன்னால் நிற்பது, பறவை எழும்பினாலும் நின்ற இடத்தில் நிற்பது. முதல் இரண்டு மாதம் வேறு எதுவும் வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், வந்தால் கறித்துண்டு கொடுங்கள், உயரப் புல்லில், ஓடைத் தண்ணீரில், ஆட்கள் நடுவில் கூட்டிக்கொண்டு போங்கள். பன்னிரண்டு பதினான்கு வாரத்துக்குள் பார்த்துப் பழகாததற்கு நாய் பின்னாளில் மிரளும். நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பல் விழுந்து முளைக்கும், ஈறு வலிக்கும். அந்தக் காலத்தில் வாயில் எதையும் திணித்து எடுத்துவரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

நிற்பதற்கு அங்கே எல்லோரும் "வோ" என்பார்கள். வேண்டாம் என்பதற்கு "நோ". இரண்டும் நாயின் காதுக்கு ஒன்று போலவே கேட்கும், அங்கத்திய பயிற்சியாளர்களே அதைச் சொல்வார்கள். நான் செவலைக்கு "நில்லு" என்றே பழக்கினேன். முப்பதடிக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டி இழுத்துக்கொண்டு திரிய விடுங்கள். "நில்லு" என்று ஒரே தடவை சொல்லுங்கள், நிற்காவிட்டால் கயிற்றை மிதியுங்கள். அதட்டல் வேண்டாம்.

இனி, நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். செவலைக்கு முன்னால் மயிலை என்று ஒருத்தி இருந்தாள். ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது, வெடிச் சத்தம் பழகட்டும் என்று ஒரு சுடும் திடலுக்கு அவளை வண்டியில் கூட்டிப்போனேன். கதவைத் திறந்து இறக்கிவிட்ட நேரத்தில் வரிசையாக நாலைந்து பேர் சுட்டார்கள். அவள் வண்டிக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டாள். நான் குப்புறப் படுத்துக் கையை நீட்டியபோது சரளைக்கல்லில் நகம் பதிய ஒட்டிக்கொண்டிருந்தாள், அடிவயிறு நனைந்திருந்தது, கண் என்னைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு பதினொரு வருஷம் எங்களோடு இருந்தாள். வீட்டில் கதவு வேகமாகச் சாத்தினாலும் நடுங்குவாள். பறவை வாடை பிடிப்பதில் அவளுக்கு இணையாக இன்னொரு நாயை நான் பார்த்ததில்லை. ஒரு நாள்கூட அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. அவசரப்பட்டது நான், அனுபவித்தது அவள்.

பறவை முதலில், சத்தம் அப்புறம். இந்த வரிசை மாறக் கூடாது. குட்டி புறாவைத் துரத்தி ஓடிப் பழகி, அதில் வெறி பிடித்த பிறகு, நூறு கஜத்துக்கு அப்பால் ஒருவர் குண்டில்லாத, சத்தம் மட்டும் வரும் வெற்றுத் தோட்டா போட்ட சின்னத் துப்பாக்கியை ஒரே ஒரு தடவை வெடிக்க வேண்டும். துரத்துகிற மும்முரத்தில் அது காதிலேயே விழாத மாதிரி ஓடும். அதன் பிறகுதான், பல நாள் இடைவெளியில், கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வர வேண்டும். இதற்கு இரண்டு ஆளும், புறாவும், குட்டியின் முகத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

அந்த ஒருவருக்காகத்தான் சங்கத்தில் சேரச் சொல்கிறேன். வட அமெரிக்கப் பல்திறன் வேட்டைநாய்ச் சங்கம், சுருக்கமாக நாவ்டா, 1969இல் தொடங்கியது. அதன் கிளைகள் கூட்டாகப் பயிற்சி நாள் நடத்துகின்றன. 16 மாதத்துக்கு உட்பட்ட நாய்க்கு இயல்புத் திறன் தேர்வு உண்டு: மோப்பம், தேடல், தண்ணீர், சுட்டி நிற்பது எல்லாம் பார்ப்பார்கள். செவலை அங்கேதான் பழகினாள். பயிற்சியாளரிடம் விட்டால் நான் விசாரித்த இடங்களில் மாதக் கட்டணம் சின்ன வீட்டு வாடகைக்குக் கிட்ட வந்தது. மூன்று மாதம் கழித்து நாய் அவர் குரலுக்குப் பழகி வரும். உங்கள் குரலுக்கு மறுபடி தொடங்க வேண்டும். தினமும் இருபது நிமிஷம் உங்களால் கட்டாயம் ஒதுக்க முடியாது என்றால் மட்டும் அங்கே விடுங்கள், அதுவும் வாரம் ஒருமுறை உங்களையும் களத்தில் நிற்கவைக்கிறவரிடம்.

அக்டோபர் பற்றி: அப்போது உங்கள் குட்டிக்கு எட்டு மாதம். கூட்டிப்போங்கள், ஆனால் ஒரு ஃபெசன்ட் சேவலும் விழாது என்று நினைத்துப் போங்கள். ஃபெசன்ட் நம் கௌதாரி மாதிரிதான், எழும்புவதை விட ஓடுவதில் கெட்டி. சின்ன நாயைத் தோற்கடித்துவிடும்.

சட்டத்தில் மூன்று விஷயம். வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அங்குள்ள மத்திய சட்டம் பொதுவாக விடாது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால்தான் விலக்கு. எனவே உரிமம் கைக்கு வரும்வரை நண்பரின் துப்பாக்கியைக்கூட வாங்கிப் பார்க்காதீர்கள். 1979க்குப் பிறகு பிறந்தவர் மினசோட்டாவில் அந்த உரிமம் வாங்கப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று காட்ட வேண்டும், கோடையிலேயே முடித்துவிடுங்கள். ஏப்ரல் 16 முதல் ஜூலை 14 வரை பறவைகள் அடைகாக்கும் காலம், அரசு நிலத்தில் வேட்டை நாயைப் பழக்கக் கூடாது.

இதை எழுதும்போது கிளுவை வேலிக்கு அந்தப்புறம் ஒரு கௌதாரி விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது. நான் சித்திரை முதல் வாரத்தில் திரும்பிவிடுவேன். குட்டி எடுக்கும் நாளைச் சொல்லுங்கள். செவலையின் முப்பதடிக் கயிறு பரணில் கிடக்கிறது, கொண்டு வருகிறேன். புதுக் கயிறு வாங்க வேண்டாம்.