அடிக்குறிப்பில் தடுமாறுவோருக்கு: சட்ட ஆய்வுக் கட்டுரை குறித்த வாசகர் கேள்வி–பதில்

சட்ட ஆய்விதழ்களுக்குக் கட்டுரை எழுதுவோர் தங்கள் ஐயங்களை அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கட்டுரையின் பொருளைப் பற்றியவை அல்ல, மேற்கோள் காட்டும் முறையைப் பற்றியவை. நமது இதழின் அச்சு வழக்கப்படி, தீர்ப்புகளை வெளியிடும் தொகுப்புகளின் சுருக்கப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவோர் அவற்றை ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.

கேள்வி: ஒரே தீர்ப்புக்கு ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.சி., எஸ்.சி.ஆர். என்று மூன்று சைட்டேஷன்கள் (தீர்ப்பு வெளியான இடத்தைச் சுட்டும் குறிப்புகள்) கிடைக்கின்றன. இப்போது நியூட்ரல் சைட்டேஷன் என்று நான்காவதும் வந்துவிட்டது. கட்டுரையில் எதை இடுவது? எல்லாவற்றையும் இட்டால் தவறா? — சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: தவறில்லை, தேவையும் இல்லை. ‘சென்னை மாநிலம் எதிர் சம்பகம் துரைராஜன்’ வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1951 எஸ்.சி.ஆர். 525 என்றும், ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226 என்றும் சுட்டப்படுகிறது. இறுதியில் வரும் எண்ணை வழக்கு எண் என்று எண்ணிக்கொள்ளும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அது அந்தத் தொகுப்பில் தீர்ப்பு தொடங்கும் பக்கத்தின் எண். எஸ்.சி.ஆர். (சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்) என்பது உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வமான தொகுப்பு. 1914இல் தொடங்கிய ஏ.ஐ.ஆரும் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) 1969இல் தொடங்கிய எஸ்.சி.சி.யும் (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) தனியார் வெளியீடுகள். நீங்கள் அனுப்பும் ஆய்விதழ் எதைக் கேட்கிறதோ அதை இடுங்கள். அது ஒன்றும் சொல்லாவிட்டால், நீங்கள் உண்மையிலேயே திறந்து படித்த தொகுப்பு எதுவோ அதை இட்டு, நியூட்ரல் சைட்டேஷனையும் சேர்த்துவிடுங்கள்.

நியூட்ரல் சைட்டேஷனை நீதிமன்றமே தருகிறது. இங்கிலாந்தில் 2001 முதல் வழக்கிலுள்ள இம்முறையை நமது உச்ச நீதிமன்றம் 2023இல் கொண்டுவந்தது. ஆண்டு, நீதிமன்றத்தின் குறியெழுத்து, வரிசை எண் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். ஆளுநர் நிறுத்திவைத்த மசோதாக்கள் தொடர்பாகத் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று வந்த தீர்ப்பு 2025 ஐ.என்.எஸ்.சி. 481 (ஐ.என்.எஸ்.சி. என்பது இந்திய உச்ச நீதிமன்றத்தின் குறியெழுத்து). சந்தா கட்டி வாங்கும் தரவுத்தளம் எதுவும் கையில் இல்லாத வாசகரும் இந்த எண்ணைக் கொண்டு அத்தீர்ப்பை எடுத்துவிடலாம் என்பதே இதன் பெரிய நன்மை. ஆனால் இதில் பக்க எண் கிடையாது என்பதால், நீங்கள் எந்தக் கூற்றைச் சுட்டுகிறீர்களோ அது வரும் பத்தியின் எண்ணைக் கட்டாயம் தர வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீதிமன்றம் இட்ட பத்தி எண்ணும், தனியார் தொகுப்பின் பதிப்பாசிரியர் பிரித்து இட்ட பத்தி எண்ணும் சில தீர்ப்புகளில் ஒத்துப்போவதில்லை. ஒன்றன் சைட்டேஷனோடு மற்றொன்றன் பத்தி எண்ணை ஒட்டவைத்தால் வாசகர் வேறொரு பத்தியில் போய் நிற்பார்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். (1973) 4 எஸ்.சி.சி. 225 என்று கேசவானந்த பாரதி வழக்கைச் சுட்டிவிட்டு ‘நீதிமன்றம் கூறியது’ என்று எழுதுகிறார்கள். 13 நீதிபதிகள் கேட்ட அந்த வழக்கில் 11 தனித்தனித் தீர்ப்புரைகள் எழுதப்பட்டன. முடிவு 7க்கு 6 என்ற கணக்கில் அமைந்தது. அப்படிப்பட்ட தீர்ப்பில் தொடக்கப் பக்கத்தை மட்டும் தருவது, சென்னையில் இருக்கிறார் என்று சொல்லி ஒருவரைத் தேட அனுப்புவதற்குச் சமம். எந்த நீதிபதி, எந்தப் பத்தி, பெரும்பான்மையா சிறுபான்மையா என்பவையும் அடிக்குறிப்பில் வர வேண்டும். மாறுபட்டு எழுதிய நீதிபதி ரேயின் வரிகளைப் பெரும்பான்மையின் கருத்தாகக் காட்டிய கட்டுரை ஒன்றை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: சில வழக்குகளில் ஆண்டைச் சதுர அடைப்பிலும் சிலவற்றில் வளைவு அடைப்பிலும் இடுவது ஏன்? இதில் உண்மையில் ஏதும் பொருள் உண்டா? — சட்டத்துறை மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. உங்கள் நாட்டு வழக்கையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். 1962ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியை ஒட்டி எழுந்த லியனகே வழக்கில், அப்போது இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு [1967] 1 ஏ.சி. 259 என்றும் (1965) 68 என்.எல்.ஆர். 265 என்றும் இரு தொகுப்புகளில் வெளியாகியிருக்கிறது. அப்பீல் கேசஸ் தொகுப்பு ஒவ்வோர் ஆண்டும் முதல் தொகுதியிலிருந்து எண்ணத் தொடங்குவதால், ஆண்டைச் சொல்லாமல் ‘1 ஏ.சி.’ என்றால் எதுவென்று தெரியாது. ஆகவே ஆண்டு அங்கே முகவரியின் உறுப்பு. அதற்குச் சதுர அடைப்பு. நியூ லா ரிப்போர்ட்ஸ் தொடர் எண் கொண்டது. 68 என்றாலே தொகுதி அகப்பட்டுவிடும் என்பதால் ஆண்டு வெறும் தகவலாக வளைவு அடைப்புக்குள் அமர்கிறது. முதல் சைட்டேஷனில் 1967 என்றும் இரண்டாவதில் 1965 என்றும் வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். தீர்ப்பு வந்தது 1965இல். 1967 என்பது தொகுதிக்குரிய ஆண்டு.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சட்ட மேற்கோள் முறையான ஆஸ்கோலா பின்பற்றும் விதி இது. இந்திய வழக்கில் இது முழுமையாகப் பொருந்துவதில்லை. எஸ்.சி.சி. ஆண்டுதோறும் புதிதாகத் தொகுதி எண் இடுகிறது. விதிப்படி பார்த்தால் அதற்குச் சதுர அடைப்பே பொருந்தும். ஆனால் அத்தொகுப்பு தொடக்கத்திலிருந்தே வளைவு அடைப்பையே இட்டுவருவதால், எல்லோரும் அப்படியே எழுதுகிறார்கள். வழக்கம் விதியை வென்ற இடம் என்று ஏற்றுக்கொண்டு நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: நான் அனுப்பிய கட்டுரையில் ‘ஐபிட்’, ‘சுப்ரா’ ஆகியவை தவறாக இடப்பட்டிருப்பதாகக் கூறித் திருப்பிவிட்டார்கள். எழுதும்போது சரியாகத்தான் இட்டேன். — இளம் வழக்கறிஞர், சென்னை

பதில்: எழுதும்போது சரியாகத்தான் இட்டிருப்பீர்கள்; திருத்தும்போது கெட்டிருக்கும். ‘ஐபிட்’ என்பது முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே மூலம் என்று பொருள்படும்; ‘சுப்ரா’ என்பது மேலே வேறொரு குறிப்பில் முன்பே சுட்டிய மூலம் என்று பொருள்படும். 16ஆம் குறிப்பில் சட்ட ஆணையத்தின் 262ஆவது அறிக்கையைச் சுட்டி, 17இல் ‘ஐபிட்’ என்று எழுதிவிட்டு, ஒரு மாதம் கழித்து இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளிதழ்ச் செய்தியைச் செருகினால், மரண தண்டனை பற்றி ஆணையம் சொன்னதெல்லாம் அந்த நாளிதழ் சொன்னதாகிவிடும். நான் பதிப்புப் பணியில் இருந்தபோது இப்படி ஒரு பிழை அச்சேறியே விட்டது; எழுதியவரும் நானும் மாறி மாறி வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். கட்டுரை இறுதியாகும்வரை ஒவ்வொரு குறிப்பையும் முழுமையாகவே எழுதிவைத்து, அனுப்புவதற்கு முந்தைய நாள் சுருக்குவதுதான் பாதுகாப்பான வழி.

முறைக்கு முறை விதியும் மாறும். ஹார்வர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, யேல் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் சட்ட ஆய்விதழ்கள் சேர்ந்து வெளியிடும் புளூபுக் என்ற மேற்கோள் கையேடு, நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் ‘சுப்ரா’வை ஏற்கிறது, ஆனால் வழக்குகளுக்கும் சட்டங்களுக்கும் பொதுவாக ஏற்பதில்லை. ஆஸ்கோலாவில் ‘சுப்ரா’ என்ற சொல்லுக்கே இடமில்லை. முதலில் சுட்டிய குறிப்பின் எண்ணை அடைப்புக்குள் தந்தால் போதும். இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்திருந்தாலும் உங்கள் கட்டுரை திரும்பி வந்திருக்கும்.

கேள்வி: 2022இல் நடந்த கொலை தொடர்பான வழக்கைப் பற்றி எழுதுகிறேன். இந்திய தண்டனைச் சட்டத்தைச் சுட்டுவதா, பாரதிய நியாய சன்ஹிதாவைச் சுட்டுவதா? — வழக்கறிஞர், மதுரை

பதில்: குற்றம் நடந்த நாளில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்ததோ அதைத்தான் சுட்ட வேண்டும். புதிய சட்டம் 2024 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது என்பதால், உங்கள் கட்டுரையில் பழைய சட்டத்தின் 302ஆம் பிரிவே வர வேண்டும். ‘தற்போது பாரதிய நியாய சன்ஹிதா 103(1)’ என்று முதல் அடிக்குறிப்பில் ஒருமுறை சேர்த்துவிட்டால் இளைய வாசகருக்கு உதவியாக இருக்கும். சட்டத்தின் பெயரைச் சொல்லாமல் வெறும் ‘பிரிவு 302’ என்று எழுதும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். புதிய சட்டத்தின் 302ஆம் பிரிவு, பிறரின் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது பற்றியது! சட்டத்தின் எண்ணைத் தரும்போதும் ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள். இந்திய தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டின் 45ஆவது சட்டம்; அதற்குப் பதிலாக வந்ததும், தற்செயலாக, 2023ஆம் ஆண்டின் 45ஆவது சட்டமே.

கேள்வி: தீர்ப்பின் தொடக்கத்தில் தரப்படும் சுருக்கமான ஹெட்நோட்டிலிருந்து மேற்கோள் காட்டலாமா? — வாசகர், திருநெல்வேலி

பதில்: கூடாது. அது நீதிபதி எழுதியது அன்று, பதிப்பாசிரியர் எழுதியது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோதக், (2008) 1 எஸ்.சி.சி. 1 என்ற வழக்கைப் படித்துப் பாருங்கள். நீதிமன்றத் தீர்ப்பின் மூலப் பாடத்தில் வெளியீட்டாளருக்குப் பதிப்புரிமை இல்லை என்றும், பத்தி பிரித்து எண்ணிடுவது போன்ற பதிப்பு வேலைகளில் அவருடைய திறனும் மதிப்பீடும் இருப்பதால் அவற்றில் மட்டும் உரிமை உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் அதில் பிரித்துக் காட்டியது. எது நீதிமன்றத்தின் சொல், எது பதிப்பாளரின் கைவேலை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் தீர்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை. எஸ்.சி.சி.யின் வெளியீட்டாளரே தொடுத்த வழக்கு அதே தொகுப்பின் 2008ஆம் ஆண்டு முதல் தொகுதியில், முதல் பக்கத்திலேயே இடம்பெற்றது கூடுதல் சுவை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் பொருத்தமான தீர்ப்புகளைச் சைட்டேஷனோடு பட்டியலிடுகிறது. அவற்றைப் பயன்படுத்தலாமா? — முனைவர் பட்ட ஆய்வாளர், கோயம்புத்தூர்

பதில்: தேடத் தொடங்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம், அடிக்குறிப்பில் அப்படியே இறக்கிவிடக் கூடாது. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் சுட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம், அயிண்டே வழக்கில், இல்லாத தீர்ப்புகளைச் சுட்டுவது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைவரை கொண்டுபோகும் என்று எச்சரித்தது. கற்பனைச் சைட்டேஷன்களின் ஆபத்து, அவற்றில் ஆண்டும் தொகுதியும் பக்கமும் மிக ஒழுங்காக அமைந்திருப்பதுதான். வடிவத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க இயலாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எஸ்.சி.ஆரின் இணைய வடிவமான இ-எஸ்.சி.ஆர். தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்போது திறந்து பார்க்காமல் எழுதுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

திறந்து பார்த்த பிறகும் இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது. அத்தீர்ப்பு பின்னர் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்து ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பு, (1976) 2 எஸ்.சி.சி. 521, 2017இல் புட்டசாமி வழக்கில், (2017) 10 எஸ்.சி.சி. 1, வெளிப்படையாகத் தவறென்று தள்ளப்பட்டது. அதைக் குறிப்பிடாமல் முன்னதை மட்டும் சுட்டினால், சைட்டேஷன் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தும் வாசகர் ஏமாற்றப்படுகிறார்.

கேள்வி: சட்டப் பிரிவுகளை அப்படியே எடுத்தெழுதியதால், மென்பொருள் என் ஆய்வேட்டைக் கருத்துத் திருட்டு என்று காட்டுகிறது. — ஆய்வு மாணவி, சேலம்

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் 10 விழுக்காடுவரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை; மூலத்தைச் சுட்டி எடுத்தாண்ட மேற்கோள்களையும், நூற்பட்டியலையும், சட்டங்களையும் அக்கணக்கிலிருந்தே நீக்கச் சொல்கின்றன. அவற்றை நீக்கிவிட்டு மறுபடியும் அறிக்கை எடுத்துத் தருமாறு உங்கள் நூலகரிடம் கேளுங்கள்.

கேள்வி: தமிழில் வெளியான அரசாணைகளையும் தமிழ் நூலாசிரியர்களையும் ஆங்கிலக் கட்டுரையில் எப்படிச் சுட்டுவது? — உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்

பதில்: அரசாணைக்கு எண் மட்டும் போதாது. துறைக்குத் துறை, ஆண்டுக்கு ஆண்டு எண்கள் திரும்பத் திரும்ப வருவதால், ‘நிலை’ போன்ற வரிசைப் பெயர், எண், துறை, நாள் ஆகிய நான்கையும் தர வேண்டும். தமிழ்த் தலைப்பை ஒலிபெயர்த்து எழுதி, அருகில் ஆங்கிலப் பொருளைச் சதுர அடைப்பில் இடலாம்.

பெயர்தான் சிக்கலானது. மேலை நாட்டு முறைகள் நூற்பட்டியலில் குடும்பப் பெயரை முன்னே வைக்கச் சொல்கின்றன. நமக்கோ பெரும்பாலும் குடும்பப் பெயரே இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. அந்தத் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். நூலெழுதியவர் மகள், பட்டியலில் இருப்பவர் அப்பா! அட்டையில் உள்ள இயற்பெயரை முதலில் வைத்து, தலைப்பெழுத்தைப் பின்னால் இடுங்கள். பதிப்பாசிரியர் மாற்றினால் மெய்ப்புப் பார்க்கும்போது விடாமல் திருத்துங்கள்.