சட்டம் கேளுங்கள்: ஒரே பெயர்ப்பலகை, இரண்டு முதலாளிகள்

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பேக்கரியில் கேக் மாஸ்டராக வேலை செய்கிறேன். கடை ஒரு பெரிய பிராண்டின் பிரான்சைஸ், அதாவது கம்பெனியுடன் அக்ரிமெண்ட் போட்டு அதன் பெயரில் தனி முதலாளி நடத்தும் கடை. அதே பிராண்டின் பொள்ளாச்சிக் கடையில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை கேட்டேன். முதலில் சம்மதித்த பொள்ளாச்சி முதலாளி, ஒரு கடையின் ஆளை இன்னொரு கடை ஆறு மாதத்துக்கு எடுக்கக் கூடாது என்று கம்பெனி அக்ரிமெண்டில் இருப்பதாகச் சொல்லிப் பின்வாங்கிவிட்டார். நான் அதில் கையெழுத்துப் போடவே இல்லை. அது என்னைக் கட்டுப்படுத்துமா? கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சட்டம் வேறா?

பதில்: சட்டம் ஒன்றுதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாறிவிடுவதில்லை. எவரையும் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அதன் 27ஆம் பிரிவு. நீங்கள் கையெழுத்திடாத அக்ரிமெண்டைக் காட்டி உங்கள் மீது வழக்குப் போட முடியாது.

சிக்கல் பொள்ளாச்சி முதலாளிக்குத்தான், கையெழுத்திட்டவர் அவர். பிரான்சைஸ் நடப்பில் உள்ள காலத்துக்கான கட்டுப்பாடுகளைப் பொதுவாகத் தொழில்தடையாகக் கருத முடியாது என்று குஜராத் பாட்லிங் - கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. விப்ரோ - பெக்மன் கூல்டர் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2006இல், ஒரு நிறுவனம் மற்றதன் ஊழியர்களை வலிந்து அழைக்கக் கூடாது என்ற நிபந்தனை 27ஆம் பிரிவுக்கு முரணல்ல என்றது; ஆனால் அந்த நிபந்தனை நிறுவனத்தைக் கட்டுப்படுத்துமே தவிர, ஊழியர் வேலை தேடிக்கொள்வதைத் தடுக்காது என்பதே அதற்குக் காரணம். ஆகவே, ஆளை இழுக்காதே என்பது நிற்கும். தானாக வந்து கேட்பவரையும் சேர்க்காதே என்பது, என் கருத்தில், அவருடைய பிழைப்பையே தடுப்பதால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

இதனால்தான் உங்கள் விண்ணப்பம் முக்கியமாகிறது. நீங்களாகவே வேலை கேட்பதாகத் தேதியிட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய முதலாளிக்கு முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள். அவரிடமிருந்தே ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்க முடிந்தால், பொள்ளாச்சிக்காரரின் பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான்கு ஆண்டு வழக்கைவிட அது மேல்.

அமெரிக்காவில் இந்த நிபந்தனை போட்டிச் சட்டத்தின் கீழ் அடிபட்டது. பெரிய பிரான்சைஸ் நிறுவனங்களில் 58 சதவீதம் இதை வைத்திருந்ததாகக் க்ரூகர், ஆஷென்ஃபெல்டர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2017இல் கண்டறிந்தனர். அந்த ஆண்டே மெக்டொனால்ட்ஸ் அதைக் கைவிட்டது. நம் நாட்டிலும் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் இதைக் கேள்வி கேட்கலாம். ஆனால், போட்டிக்குக் கணிசமான பாதகம் என்று காட்ட வேண்டியிருக்கும் என்பதால், ஒரு தனி ஊழியருக்கு அது எளிய வழியல்ல.

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் பிரான்சைஸ் கடை வைத்திருக்கிறேன். செலவு செய்து பயிற்சி தந்த பையன்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டால் நான் என்ன செய்வது?

பதில்: போவதைத் தடுக்காமல் செலவைக் கேளுங்கள். குறைந்தது மூன்று ஆண்டு வேலை செய்யாமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றது. அது பொதுத்துறை வங்கி, அதிகாரி நிலை வேலை. பேக்கரிப் பையனிடம் அதே தொகையை எழுதி வாங்கினால் நிற்காது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. எனவே பயிற்சிக் கட்டண ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறையும்படி, அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.